கூலி பெற்றுச் செய்யும் பணிவிடை

முதுமையில் பெற்றோரைப் பேணுவது மக்களின் கடமை என்பதில் நம் சமயங்களுக்குள் அபிப்பிராய பேதமே கிடையாது. கண்ணிழந்த தாய்தந்தையரைக் காவடியில் வைத்துச் சுமந்த சிரவணனையும், தேடிவந்த கடவுளைச் செங்கல்லின்மேல் நிற்கச் சொல்லிவிட்டுப் பெற்றோரின் பாதசேவையை முடித்த பண்டரிபுரத்துப் புண்டலீகனையும், மிதிலையில் இறைச்சி விற்றுப் பிழைத்தபோதிலும் வீட்டிலிருந்த முதியோரைத் தெய்வமாக உபசரித்து, வேதம் கற்ற கௌசிகனுக்கே தர்மோபதேசம் செய்யும் யோக்கியதையைப் பெற்ற தர்மவியாதனையும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி வருகிறோம். ஆயினும் இவர்கள் எல்லோரும் தம்மைப் பெற்றவர்களுக்கே பணிவிடை செய்தார்கள் என்பதையும், தர்மவியாதனுக்குக்கூடத் தொழில் வேறாகவும் சேவை வேறாகவுமே இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தச் சேவையே ஒருவருக்குத் தொழிலாகிவிட்டால், வந்த நேரமும் போன நேரமும் பதிவாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வங்கியில் விழும் சம்பளத்துக்காகப் பிறருடைய பெற்றோரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, படுக்கவைக்கிறவர் செய்வது தர்மமா அல்லது ஜீவனோபாயம் மாத்திரந்தானா என்ற கேள்விக்கு அந்தக் கதைகளில் நேரான விடை இல்லை.

சிட்னியின் மேற்குப் புறத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்யும் எனக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்களும், அவர்களோடு மலையாளிகளும் நேபாளிகளும் பிலிப்பீன்ஸ் நாட்டவரும், இத்தொழிலில் நிறையவே இருக்கிறோம். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது, ஊரில் தமிழாசிரியராக இருந்த பெரியவர் ஒருவர், “என்ன வேலை பிள்ளை?” என்று கேட்டார். “வயது போனவையைப் பாக்கிற வேலை ஐயா” என்றேன். “அது பெரிய புண்ணியமெல்லே!” என்றார் அவர். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, “என்ன புண்ணியம், காசுக்குத்தானே செய்யினம், ஊரிலே நாங்கள் மாமியைப் பத்து வருஷம் பாத்தனாங்கள், ஆர் தந்தது சம்பளம்?” என்றார். இரண்டு பேரும் மனத்தில் கள்ளமில்லாமலே பேசினார்கள். நம் சமுதாயம் இத்தொழிலைப் பற்றி எண்ணுவது முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த அம்மையார் சொன்னதையே நான் அதிகம் யோசித்திருக்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு வாழ்நாள் உழைப்பின் நியாயமான வலி இருந்தது.

விவாதத்துக்குள் போகுமுன் அந்த வேலை இன்னதென்று சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒன்று தெய்விகமாகவோ அல்லது அருவருப்பாகவோ தோன்றுகிறதேயன்றி, உள்ளபடி தோன்றுவதில்லை. காலை 7 மணிக்கு, இரவுப் பணியாளரிடமிருந்து இன்னார் தூங்கவில்லை, இன்னாருக்கு இருமல், இன்னார் தண்ணீர் குடிக்க மறுக்கிறார் என்று கேட்டுக்கொண்டு அறைகளுக்குள் நுழைகிறோம். தொண்ணூறு வயதான ஒரு மூதாட்டியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ‘லிப்டர்’ என்னும் தூக்கும் யந்திரம் வேண்டும். அதை ஒருவர் தனியே இயக்கக் கூடாது, இருவர் வேண்டும் என்பது விதி. முதலில் அவரை எதிர்ப்புறம் ஒருக்களித்துத் திருப்பி, தொட்டில்துணியை முதுகின் கீழே சுருட்டிச் செருகி, மறுபுறம் திருப்பி அதை விரித்து, நான்கு முனைகளையும் கொளுவியில் மாட்டி மெல்ல மெல்ல உயர்த்துகையில், அவர் படுக்கையை விட்டெழும் அந்தக் கணத்தில் எத்தனை நாள் பழகியிருந்தாலும் ஒரு பயம் கண்ணில் வந்து போகும். அந்த வயதில் தோல் வெங்காயத்தின் உட்சவ்வு போலாகிவிடுகிறது. மோதிரத்தின் விளிம்பு பட்டால்கூடக் கிழிந்துவிடும், ஆகையால் நாங்கள் மோதிரமும் வளையலும் கழற்றிவிட்டே கை வைக்கிறோம். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் புட்டத்திலும் குதிகாலிலும் சிவந்து, பின்பு புண்ணாகிவிடும். விழுங்கும் சக்தி குறைந்தவருக்குத் தண்ணீரையும் கெட்டியாக்கிக் கரண்டியால் கொடுக்க வேண்டும். ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே கை நீள வேண்டும், அவசரப்பட்டால் அது சுவாசப்பைக்குள் போய்விடும். அருவருப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றே இருக்கிறது: அது சில வாரங்களில் போய்விடுகிறது. தேகத்தின் அசுத்தத்தைத் தியானித்தால் வைராக்கியம் பிறக்கும் என்று ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள். அன்றாடம் அதைக் கழுவுகிறவர்களுக்கு வைராக்கியம் பிறந்து நான் கண்டதில்லை, மாறாக அந்தத் தேகத்தின்மேல் ஒருவகைப் பரிவே பிறக்கிறது.

இளவரசனாயிருந்த சித்தார்த்தன் ஒரு முதியவனைக் கண்டு மனங்கலங்கித் துறவை நாடினான் என்ற வரலாறு எல்லோருக்கும் தெரியும். அவன் புத்தனான பின்பு நடந்ததாகப் பிக்குகளின் ஒழுக்க நூலாகிய விநயபிடகம் கூறும் வேறொரு வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வயிற்றுக்கடுப்பால் தன் மலமூத்திரத்திலேயே விழுந்து கிடந்த பிக்கு ஒருவனைப் பகவர் கண்டார். மற்ற பிக்குகளுக்கு அவனால் ஒரு பிரயோசனமும் இல்லாதபடியால் எவரும் அவனைக் கவனிக்கவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தாம் வார்க்க ஆனந்தர் கழுவ, பிறகு தாம் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்து அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். தாயும் தந்தையும் அருகில்லாத பிக்குகள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று சங்கத்தைக் கேட்டு, தமக்குச் செய்ய விரும்பும் பணிவிடையை நோயாளிக்குச் செய்யுங்கள் என்று கட்டளையிட்டார். ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் என்று அந்தப் பழைய ஏடு எழுதிவைத்திருப்பதைப் படித்தபோது, அதை எழுதியவர் ஒரு நோயாளியைத் தம் கையால் தூக்கியவராகவே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. இரத்த உறவில்லாதவரைப் பேணுவதற்கு நம் பக்கத்துச் சமய நூல்களில் இதைவிட வலிமையான ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அதே இடத்தில்தான் கோயிலில் நின்ற அந்த அம்மையாரின் கட்சியும் பலம் பெறுகிறது. நோயாளியைப் பேணத் தகுந்தவன் எப்படிப்பட்டவன் என்று அந்நூல் வகுக்கும்போது, மருந்து ஆக்கத் தெரிந்தவனாய், பத்தியம் அபத்தியம் அறிந்தவனாய், மலத்தையும் சளியையும் வாந்தியையும் அகற்றக் கூசாதவனாய், நல்வார்த்தை கூறித் தேற்றுபவனாய் இருக்க வேண்டும் என்பதோடு, இலாபங் கருதாமல் மைத்திரியினால் பேணுபவனாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் என்று கூறி, நோயாளியோடும் வைத்தியனோடும் மருந்தோடும் சமமாக, அருகிருந்து பணிபுரிவோனையும் வைத்தார் திருவள்ளுவர். ஆயுர்வேத ஆசிரியராகிய சரகரோ அவ்வாறு அருகிருப்பவனுக்குத் தூய்மையையும் சாமர்த்தியத்தையும் மட்டுமன்றி அநுராகத்தையும் இலக்கணமாக்கினார். அன்பும் கூலியும் ஒரே கையில் தங்குமா?

தங்கும் என்பதற்கு அதே விநயபிடகமே சாட்சி. பேணப்பட்ட பிக்கு இறந்துபோனால் அவனுடைய பாத்திரத்தையும் சீவரமாகிய ஆடையையும் யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு எழுந்தபோது, நோயில் அவனைப் பார்த்துக்கொண்டவர்களுக்கே அவை சேரட்டும் என்று தீர்ப்பாயிற்று. துறவியின் உடைமையில் முக்கியமானவை அவ்விரண்டுந்தானே! இலாபங் கருதாதே என்று விதித்த வாயே, உழைத்தவனுக்கு உரியதைக் கொடுத்துவிடு என்றும் விதித்தது. இவ்விரண்டையும் முரண் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பெறுவது வேறு, பெறுவதற்காகவே கைநீட்டுவது வேறு என்ற நுட்பமான பேதத்தைச் சங்கத்தார் அறிந்திருந்தார்கள்.

சைவர்களாகிய நமக்கோ இதைவிடத் தெளிவான சரித்திரம் திருவீழிமிழலையில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் அடியார்க்கு அமுதளிக்க வேண்டி, அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் பீடத்தில் ஒவ்வொரு பொற்காசு வைத்தான். சம்பந்தர் மடத்துக் காசைக் கடைவீதியில் வட்டம் கழித்தே வாங்கினார்கள். அப்பரின் காசோ முழுமதிப்புக்குச் செல்லலாயிற்று. சம்பந்தர் இதைக் கேட்டறிந்து, பதிகம் பாடிக் குறை நீங்கப் பெற்றார். அப்பரின் காசு வாசியில்லாமல் இருந்ததற்குச் சேக்கிழார் கூறும் காரணம், அவர் தம் கையால், தம் உடலால், தொண்டு செய்தவர் என்பதே. உழவாரம் பிடித்துக் கோயிற் பிராகாரத்துப் புல் செதுக்கிய முதியவருக்குத் தெய்வமே தினக்கூலி கொடுத்தது என்றும், அந்தக் கூலியில் மாற்றுக் குறையவில்லை என்றும் நம் புராணம் நாணமின்றிச் சொல்கிறது. காசு அவர் தொண்டைக் களங்கப்படுத்திற்று என்று எந்தச் சைவனும் கருதியதில்லை. அப்படியிருக்க, காசு வாங்குவதனாலேயே ஒருவருடைய பணிவிடை தாழ்ந்துவிடும் என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியிருக்கிறது.

இனி நான் கண்டறிந்ததைச் சொல்கிறேன். பலனில் பற்றற்றுச் செய்க என்னும் கீதோபதேசத்தைக் கேட்கும்போது, பலன் என்றால் பணம் என்றே பலர் பொருள் கொள்கிறார்கள். பணிவிடையில் பணத்தைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு, அது நன்றி. பெற்ற தாயைப் பேணும் மகள் சம்பளம் கேட்பதில்லை, ஆனால் ஒரு நல்ல பார்வையையாவது, ‘நீ இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்’ என்ற ஒரு சொல்லையாவது அவள் உள்ளம் எதிர்பார்க்கிறது. அப்படி எதிர்பார்ப்பது குற்றமுமன்று. அது கிடைக்காதபோது, அதிலும் மறதிநோய் வந்து தாய் மகளையே யாரென்று கேட்கும்போது, அவள் படும் வேதனை சொல்லுந்தரமன்று. எங்கள் இல்லத்தில் தென் இத்தாலியிலிருந்து இளம்பெண்ணாக வந்து குடியேறிய மூதாட்டி ஒருவர் இருந்தார். டிமென்ஷியா என்னும் அந்த மறதிநோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் உதிர்ந்து, தாய்மொழி மாத்திரம் எஞ்சிற்று. இந்நாட்டில் இந்நோயுற்ற குடியேறிகள் பலருக்கு இது நேர்கிறது. குளிப்பாட்ட அழைத்தால் யாரோ துகிலுரிய வருவதாக எண்ணி அலறி, கையில் கிடைத்ததைக் கொண்டு அடிப்பார். அவரிடம் எதிரே, கண்ணுக்குத் தெரியும்படி வந்து, தாழ்ந்த குரலில் அவர் மொழியில் காலை வணக்கம் சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியை முதலில் அவர் கையிலேயே கொடுத்து, முகத்தைத் தாமே துடைக்கச் செய்த பின்பே தோளைத் தொட வேண்டும். ஒரு பாகத்தைக் கழுவும்போது மற்றப் பாகங்களைத் துவாலையால் மூடியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் சில நாள் பாட்டுக்கூட முணுமுணுப்பார். மறுநாள் காலை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்; நேற்றைய நன்மை எதுவும் அவர் கணக்கில் இராது.

அவருடைய மகள் ஞாயிறுதோறும் வந்து, தாய் தன்னை அறியாமை கண்டு அழுதுவிட்டுப் போவார். நான் அழவில்லை, மகளைவிட எனக்கு அன்பு அதிகம் என்பதனால் அன்று, அந்த மூதாட்டியிடமிருந்து நான் பெறவேண்டியது ஒன்றும் இல்லை என்பதனால். என் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் வேண்டியது வேறோரிடத்திலிருந்து வந்துவிடுகிறபடியால், அவர் என்னை அடித்தாலும் மறந்தாலும் என் பங்கில் எதுவும் குறைவதில்லை, ஆகையால் அடுத்த நாளும் அதே தாழ்ந்த குரலில் தொடங்க முடிகிறது. கூலியே எனக்கு அந்தச் சுதந்திரத்தைத் தந்தது. பற்றற்ற நிலையை நான் தவத்தால் பெற்றேன் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் சம்பளம் பெறும் பணிவிடை பற்றின்மைக்கு ஒரு வாசலாகக்கூடும் என்பதை அந்த அறையில் அறிந்தேன்.

பணிவிடையைப் பெறுகிறவர் பக்கத்திலும் இப்படி ஒரு விடுதலை உண்டு. வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், மலசலம் கழிக்கத் தம் மகன் துணைசெய்வதைப் பொறுக்கமாட்டாமல், அவன் எவ்வளவோ மன்றாடியும் கேளாது, தாமே இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். “அவன் என்னைத் தகப்பனாகவே பார்க்கட்டும், இதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் பணம் கொடுக்கிறேன்” என்றார் என்னிடம். தனியருக்குரிய அடிப்படை முதியோர் ஓய்வூதியத்தில் 85 சதவீதத்தை இல்லங்கள் நித்தியச் செலவுக்காக வாங்குகின்றன. பராமரிப்புச் செலவின் மீதியில் பெரும்பகுதியை அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து தருகிறது. அவ்வரி முன்பு அந்த முதியோரே உழைத்துக் கட்டியது. தாம் தானம் பெறவில்லை, தமக்கு உரியதைப் பெறுகிறோம் என்ற நினைவு அந்த மனிதருடைய முதுகை நிமிர்த்தி வைத்திருந்தது. தொண்டு என்ற பெயரில் கொடுப்பவருக்குப் புண்ணியம் சேர்வதை எண்ணிக் களிக்கிற நாம், வாங்குகிறவர் மனத்தில் சேரும் கடன்சுமையை எண்ணிப் பார்ப்பது குறைவு.

இவ்வளவு சொல்வதால் இத்தொழில் நடக்கும் முறையெல்லாம் செம்மையாயிருக்கிறது என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2018ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய அரசு ஒரு ரோயல் கமிஷனை நியமித்து முதியோர் பராமரிப்பை விசாரித்தது. 2019இல் வந்த அதன் இடைக்கால அறிக்கைக்குப் புறக்கணிப்பு என்பதே தலைப்பு. 2021இல் வெளியான இறுதி அறிக்கை 148 சிபாரிசுகளைச் செய்தது. அவற்றின் விளைவாக இப்போது, இல்லவாசி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிஷப் பராமரிப்பு, அதில் 44 நிமிஷம் பதிவுபெற்ற தாதியுடையது என்று சட்டம் வகுத்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் அது மூன்றரை மணிக்குச் சற்று மேல். ஊட்டுவதும் கழுவுவதும் மருந்து கொடுப்பதும் எல்லாம் அதற்குள். அன்பை நிமிஷத்தால் அளக்கிறார்களே என்று சிலர் வருந்துகிறார்கள். நானோ அளந்ததே நல்லது என்பேன், ஏனெனில் அளவில்லாத காலத்தில் கிடைத்தது அதனினும் குறைவு. ஒரு பணியாளர் வராமற்போன காலையில், வேறொருவர் அமர்த்தப்படாமல், மீதியிருப்பவர்கள் ஓடி ஓடிச் செய்யும்போது, முதலில் குறைவது துணியை அவர் கையில் கொடுத்து முகத்தைத் தாமே துடைக்கச் செய்யும் அந்தச் சிறிது நேரந்தான். எவரும் கொடியவராவதில்லை, நேரம் மட்டும் இல்லாமற்போகிறது, அலறல் தொடங்கிவிடுகிறது. மைத்திரிக்கும் நாழிகை வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் அந்த நாழிகை கேட்டவர்களைச் சேவை மனப்பான்மை இல்லாதவர்கள் என்று கண்டித்தார்கள். சேவை என்னும் புனிதமான சொல்லை ஆள்குறைப்புக்குத் திரையாகப் பிடிப்பது கோயிற் சொத்தைத் திருடுவதற்கு ஒப்பாகும் என்பது என் துணிபு.

சம்பளமும் நெடுங்காலம் மிகக் குறைவாயிருந்தது. இந்நாட்டின் தொழில் தீர்ப்பாயமாகிய ஃபெயார் வேர்க் கமிஷன், 2023 ஜூன் இறுதியிலிருந்து நேரடிப் பராமரிப்பாளர்க்கு 15 சதவீத உயர்வு அளித்தது. 2024இல் தந்த தீர்ப்பில், பெண்களின் வேலை என்று கருதப்பட்டதனாலேயே இத்தொழில் சரித்திர ரீதியாகக் குறைத்து மதிப்பிடப்பட்டு வந்தது என்று கண்டது. தொண்டையின் அசைவைப் பார்த்துக் கரண்டி நீட்டும் நிதானமும், அலறுகிறவரின் அச்சத்தை ஊகித்தறியும் நுட்பமும் பெண்ணுக்குப் பிறவியிலேயே வாய்த்த குணங்கள் என்று போற்றி, போற்றியதனாலேயே அவற்றுக்கு விலையில்லாமற் செய்துவிட்டது உலகம். கோயிலில் அந்த அம்மையார், ‘ஆர் தந்தது சம்பளம்?’ என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை இப்போது வேறுவிதமாகக் கேட்கிறேன். பத்து வருஷம் மாமியாரைப் பார்த்தவருக்கு யாராவது ஏதாவது கொடுத்திருக்க வேண்டும், குறைந்தது ஓய்வாவது.

இந்த விவாதத்தில் என்னை இன்னும் உறுத்துகிற பகுதி ஒன்று மிச்சமிருக்கிறது. பிறருடைய தாயை நான் இங்கே பேணுகையில், என் தாயை யாழ்ப்பாணத்தில் வேறொரு பெண் பேணுகிறார். இங்கு நான் வாங்கும் கூலியில் ஒரு பகுதி அங்கு அவருக்குக் கூலியாகிறது. அவருக்கும் வன்னியில் ஒரு தாய் உண்டு. என்னோடு வேலை செய்கிற கேரளப் பெண்ணின் வீட்டிலும் இதே ஏற்பாடு. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒருத்தி தன் பெற்றோரை விட்டு மற்றொருத்தியின் பெற்றோரிடம் வந்திருக்கிறாள். புண்டலீகனின் கதையைக் கொண்டு தீர்ப்பளித்தால் நாங்கள் எல்லோரும் கடமை தவறியவர்கள். நான் அத்தீர்ப்பை முழுவதும் மறுக்கத் துணியவில்லை. தொலைபேசியில் முகம் பார்ப்பது கால் பிடிப்பதற்கு ஈடாகாது. ஆனால் இச்சங்கிலியை அறுப்பதற்கு வழி தெரியாதவர்கள் அதில் நியாயத்தையாவது நிலைநாட்டலாம். அதுதான் நம்மவர்களிடத்தில் காணக் கிடைப்பதாயில்லை. அந்நிய நாட்டில் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கேட்டு வாங்கும் நாம், ஊரில் அம்மாவோடு இரவும் பகலும் இருப்பவரை ‘எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று சொல்லி, அந்த ஒரு சொல்லால் அவருடைய ஞாயிற்றுக்கிழமையையும் தீபாவளியையும் இரவுத் தூக்கத்தையும் எடுத்துக்கொள்கிறோம். வீட்டுப் பிள்ளைக்குக் காணியில் பங்கு உண்டு. அவருக்கு அதுவும் இல்லை.

சென்ற மாதம் அம்மாவைப் பேணும் அந்தப் பெண் என் அண்ணனிடம் ஒன்று கேட்டிருக்கிறார். அம்மா இப்போது கனத்துவிட்டார், இரவில் பக்கம் மாற்ற ஒரு ஆள் போதாது, தன் இடுப்பு வலிக்கிறது, இன்னொருவர் வேண்டும் என்பது அவர் விண்ணப்பம். “இவ்வளவு நாளும் தனியத்தானே பாத்தவ, இப்ப என்ன?” என்றார் அண்ணன். தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவரும் பிடிக்க வேண்டிய வேலை அது என்பதையும், எங்கள் இல்லத்தில் தனியே தூக்கினால் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்பதையும் அவருக்கு விளக்கிச் சொன்னேன். இரண்டாவது பெண் வருகிற முதலாம் தேதியிலிருந்து இரவுக்கு வருகிறார்; முதலாமவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வும் சம்பளத்தில் உயர்வும் பேசியாயிற்று. இருவருடைய சம்பளத்தையும் பிள்ளைகள் நாங்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பது மாத்திரம் இன்னும் முடிவாகவில்லை. இந்தச் சனிக்கிழமை அண்ணன் மறுபடி அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.